மஞ்சள் மாத்திரையும் முந்நூறு கிலோமீட்டரும்

நம் ஊரில் சிகிச்சைக்கு வழியில்லாத ஏழை ஜனங்கள் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் பாய் விரித்துப் படுத்திருக்க, கடல் கடந்த பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றுக்காக நிதி திரட்டுவதும், அதன் பொருட்டு விமானம் ஏறிப் போய் அந்நிய தேசத்துச் சாலைகளில் இரண்டு நாள் சைக்கிள் மிதிப்பதும் எந்த விதத்தில் நியாயம் என்று என் சித்தப்பா கேட்டார்.

"ஏம்ப்பா, அமெரிக்காக்காரன்கிட்ட இல்லாத பணமா? நீ இங்கேருந்து போய்த்தான் அவனுக்கு வசூல் பண்ணிக் குடுக்கணுமா?"

கேட்டவர் விதண்டாவாதம் செய்கிற சுபாவம் உள்ளவர் அல்லர். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த காலந்தொட்டுப் பென்ஷன் வாங்குகிற இந்நாள் வரையில், கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைப் பிறருக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் குடித்தனம் நடத்தியவர். அப்படிப்பட்டவர் கேட்கும்போது சிரித்து மழுப்பிவிட்டுப் போக முடியாது; போகவும் கூடாது. டெலிபோனில் நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் அன்று. இதே கேள்வியை வேறு வேறு விதமாக இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். (கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும்.) ஆகவே சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மாஸாசூசெட்ஸ் ராஜ்யத்தில் ஆகஸ்டு மாதத்து முதல் வார இறுதியில் 'பான்-மாஸ் சாலஞ்ச்' என்ற சைக்கிள் யாத்திரை வருஷந்தோறும் நடக்கிறது. பில்லி ஸ்டார் என்பவர், 1974-இல் தம் தாயாரை மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் ஆறாமல், 1980-ஆம் ஆண்டில் இதை ஆரம்பித்தார். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலிருந்து, கடலுக்குள் கொக்கி போல வளைந்து கிடக்கும் கேப் காட் தீபகற்பத்தின் நுனியிலுள்ள பிராவின்ஸ்டவுன் வரைக்கும் அந்த முதல் வருஷம் ஓட்டிப் போனவர்கள் 36 பேர். திரண்ட தொகை 10,200 டாலர். இன்றைக்கு ஓட்டுகிறவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். 2024 முடிவில், அத்தனை வருஷத்துத் தொகையும் சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுகிறவர்கள் திரட்டிக் கொடுக்கும் நன்கொடையில் பந்தல், சாப்பாடு, நிர்வாகம் என்று ஒரு காசுகூடப் பிடித்துக்கொள்ளாமல் முழுவதையும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நடத்துகிற செலவுக்குப் பதிவுக் கட்டணமும் கம்பெனிகளின் உபயமும் இருக்கின்றன.

இது பந்தயம் அன்று. முதலாவதாக வந்தவர் யார் என்று யாரும் குறித்து வைத்துக்கொள்வதில்லை.

பாதைகள் பல உண்டு. நான் ஓட்டியது ஸ்டர்ப்ரிட்ஜ் என்ற ஊரில் புறப்பட்டு பிராவின்ஸ்டவுனில் முடிகிற இரண்டு நாள் பாதை. ஏறக்குறைய 300 கிலோமீட்டர். என்னைக் கூப்பிட்டது யார் என்றால், என் அக்காவின் மகள். பாஸ்டனில் உத்தியோகம் பார்க்கிறாள். "மாமா, இந்த வருஷம் நான் ஓட்டப் போறேன். நீங்களும் கூட வந்தா அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றாள். அவள் அம்மாவுக்குத் தைரியம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

அவளுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது ரத்தப் புற்றுநோய் கண்டது. சென்னையில்தான் சிகிச்சை. முதல் சில மாதங்கள் ஆஸ்பத்திரியும் கையுமாக இருந்த பிறகு, வீட்டிலேயே மாத்திரை கொடுக்கிற நீண்ட கட்டம் ஒன்று வரும். தினந்தோறும் ஒரு மாத்திரை. அது தவிர, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும், பருப்பளவேயுள்ள சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள் சில. அதன் பெயர் மெதோட்ரெக்ஸேட். வெள்ளிக்கிழமை இரவு, சமையற்கட்டு விளக்கின் கீழே, என் அக்கா ஓர் எவர்சில்வர் டப்பாவின் மூடியில் அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்து எண்ணுவாள். எண்ணி முடித்ததும் டாக்டரின் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள். குழந்தையின் உடம்பு எடையையும் உயரத்தையும் கணக்குப் போட்டு எழுதிய அளவு அது. ஒன்று கூடினாலும் ஆபத்து, ஒன்று குறைந்தாலும் ஆபத்து. குழந்தை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இன்னிக்கு மஞ்சள் நாளாம்மா?" என்று கேட்கும்.

இரண்டரை வருஷத்துக்கு மேல் அந்த மஞ்சள் நாள் எங்கள் குடும்பத்தின் பஞ்சாங்கமாக இருந்தது. கல்யாணம், கிருகப்பிரவேசம், ஊருக்குப் போவது எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

அவள் பிழைத்தாள். படித்தாள். இன்று நம்மையெல்லாம் சைக்கிள் ஓட்டக் கூப்பிடுகிறாள்.

அந்த மஞ்சள் மாத்திரை எங்கிருந்து வந்தது என்று அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், விலையும் சொற்பம், வாங்கிக்கொண்டு வந்தோம். பிற்பாடு தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த விவரம் இருக்கிறதே, அதுதான் சித்தப்பாவுக்கு நான் தருகிற பதிலின் பாதி.

எல்லாப்ரகட சுப்பாராவ் என்று ஒருவர். 1895-இல் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். நம் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறி, மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி அறுவைக் கூடத்துக்குள் போனதனால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். உடன்பிறந்தார் இருவரை 'ஸ்ப்ரூ' என்னும் வயிற்று நோய்க்குப் பலி கொடுத்தவர். அதே வியாதி தம்மையும் பீடித்து, ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்து எழுந்தவர். மாமனாரின் உதவியைக் கொண்டு கப்பல் ஏறி அவர் போய் இறங்கிய ஊர் எது தெரியுமா?

பாஸ்டன்.

பகலில் ஹார்வர்டில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. தசை நார்களுக்குச் சக்தி தருகிற ஏ.டி.பி. என்னும் வஸ்துவைக் கண்டறிந்தவர்களில் ஒருவராக இருந்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர ஸ்தானம் கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே அவரும் அவருடைய சகாக்களுமாக ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். பிறகு, அதைப் போலவே உருக்கொண்டு அதன் வேலையைத் தடுத்துவிடுகிற எதிர்ப் பொருள்களையும் செய்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு அமினோப்டெரின் என்று பெயர். அதற்கு அடுத்தாற்போல் வந்த உடன்பிறப்புத்தான் எங்கள் வீட்டு மெதோட்ரெக்ஸேட்.

இவ்விடத்தில் சிட்னி ஃபார்பர் வருகிறார். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் நிபுணர். அதாவது இறந்துபோன குழந்தைகளின் உடலைப் பரிசோதித்துக் காரணம் எழுதுகிற உத்தியோகம். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இறந்துபோவது நிச்சயம் என்று இருந்த காலம் அது. ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்ததில் நோய் இன்னும் வேகமாகப் பெருகுவதை ஃபார்பர் கவனித்தார். கொடுத்தால் வளர்கிறது என்றால், தடுத்தால் வாடுமல்லவா? லெடர்லேயிலிருந்து சுப்பாராவ் அனுப்பிய எதிர்ப் பொருளைப் பிரயோகித்துப் பார்த்தார். 1948 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட அறிக்கையில், பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துக் குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாக அடங்கியது என்ற செய்தி இருக்கிறது. தற்காலிகந்தான். ஆயினும், ஒரு ரசாயனப் பொருளைக் கொண்டு அந்த வியாதியைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது உலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே 1948-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். வயது 53. கப்பல் ஏறிப் போனவர் ஊர் திரும்பவே இல்லை.

(நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் இவரைப் பற்றி ஒரு முழுப் பாடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 1995-இல் தபால் தலை வெளியிட்டார்கள், அது போதாது.)

இனிப் பணத்தின் கதைக்கு வருகிறேன். ஃபார்பரின் ஆராய்ச்சிக்கு அந்த நாளில் பெரிய சர்க்கார் மானியம் காத்துக் கிடக்கவில்லை. 1947-இல் அவருக்குக் கை கொடுத்தவர்கள் நியூ இங்கிலாந்து வெரைட்டி கிளப் என்ற சங்கத்தார். நாடக, சினிமாக் கொட்டகை உலகத்தைச் சேர்ந்த ஜனங்கள். மறு வருஷம் மே 22-ஆம் தேதி வானொலி நிகழ்ச்சி ஒன்றில், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுவந்த பன்னிரண்டு வயதுப் பையனை 'ஜிம்மி' என்ற புனைபெயரில் பேச வைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் கோஷ்டியின் ஆட்டக்காரர்கள் அவன் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். அவனுக்கு ஆட்டம் பார்க்க ஒரு டெலிவிஷன் பெட்டி வாங்கித் தர வேண்டும் என்று நேயர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எதிர்பார்த்தது 20,000 டாலர். ஜனங்கள் அனுப்பிவைத்தது இரண்டு லட்சத்துக்கும் மேல். 'ஜிம்மி நிதி' பிறந்தது அப்படித்தான். பையனின் நிஜப் பெயர் எய்னார் கஸ்டாஃப்ஸன். வெகு காலம் அவன் இறந்துவிட்டதாகவே பலரும் எண்ணியிருக்க, ஐம்பது வருஷம் கழித்து, 1998-இல், பேரன் பேத்தி எடுத்த மனிதராக வந்து நின்றார்!

டானா-ஃபார்பர் நிலையத்துக்காகத் திரட்டப்படும் அந்த ஜிம்மி நிதிக்கு இப்போது வருஷந்தோறும் வருகிற வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தச் சைக்கிள் யாத்திரையிலிருந்து போகிறது.

நோயாளிக்குச் சிகிச்சைச் செலவுக்குக் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தர்மம். கொடுத்தவருக்கு ஒரு முகம் தெரியும். அந்த முகம் கும்பிடும். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் அப்படி ஒன்றும் கிடையாது. யாருக்குப் பலன் என்று தெரியாது; எப்போது பலன் என்று தெரியாது; பலன் உண்டா என்பதே சந்தேகம். ஒரு யோசனை உருப்படுமா என்று பார்ப்பதற்கே இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். உருப்படும் என்பதற்குக் கொஞ்சமாவது சான்று காட்டினால்தான் சர்க்கார் மானியம் கிடைக்கும். அந்தச் சான்றைத் தேடுகிற காலத்துக்குப் பணம் எங்கே? இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடாத நன்கொடை உதவுவது அந்த இடத்திலேதான். ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த நாளில், சமர்த்தான தர்மகர்த்தா எவராவது, "இதனால் எத்தனை பேர் பிழைப்பார்கள்?" என்று கேட்டிருந்தால், நேர்மையான பதில் "இப்போதைக்கு ஒருவரும் இல்லை" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பதிலைக் கேட்டும் யாரோ கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து என் அக்கா எவர்சில்வர் மூடியில் மாத்திரை எண்ணினாள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கிற நாடுகளில் அந்த நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

ஆகவே, சித்தப்பா, நான் அமெரிக்காக்காரனுக்கு வசூல் செய்து கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கொஞ்சம் திருப்பிச் செலுத்தினேன்.

அவருடைய வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அங்கே கண்டுபிடிக்கிற புது மருந்துகள் காப்புரிமையும் கையுமாக, நம் ஏழைகள் அண்ணாந்து பார்க்கிற விலையில் வந்து இறங்குகின்றன என்பது மெய். அதை நினைத்தால் எனக்கும் ஆத்திரம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பரிகாரம் ஆராய்ச்சியைக் குறைப்பது அன்று, இங்கேயும் செய்வது. நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே மாற்றியமைத்து நோயோடு போராட வைக்கிற 'கார்-டி' சிகிச்சை முதலில் அமெரிக்காவில்தான் வழக்கத்துக்கு வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து, அங்குள்ளதைவிட எவ்வளவோ குறைந்த விலையில் அதை நம் தேசத்திலேயே உண்டாக்கி, 2023-இல் அரசாங்க அனுமதியும் பெற்றுவிட்டார்கள். அங்கே முளைத்த அறிவு இங்கே வேர் பிடிப்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, நிதி திரட்டிய வைபவத்தைச் சொல்கிறேன். சைக்கிள் மிதிப்பதைக் காட்டிலும் கடினமான காரியம் அதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரண்டு நாள் முழுப் பாதைக்கு ஒருவர் திரட்டித் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஆறாயிரம் டாலர். குறித்த தேதிக்குள் சேரவில்லையென்றால், பாக்கியை நம்முடைய கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பதிவு செய்யும்போதே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். முதலில் எல்லாருக்கும் பொதுவாக வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். கைகூப்புகிற படங்கள் நிறைய வந்தன. அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, உறவு சொல்லி, மஞ்சள் நாளைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினேன். பதில்கள் வேறு மாதிரி வந்தன. நியூ ஜெர்ஸியில் இருக்கும் பழைய காலேஜ் சிநேகிதன் ஒருவன், இருபது வருஷமாக என்னோடு பேசாதிருந்தவன், தன் தம்பிக்கும் அதே வியாதி வந்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டுப் பணமும் அனுப்பினான். தம்பி பிழைக்கவில்லை.

கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். கேட்டால் தர வேண்டியிருக்குமே என்று எதிரிலிருப்பவர் கூச்சப்படுவார் என்று வேறு எண்ணிக்கொள்கிறோம். எனக்கு நேர்ந்த அனுபவம் அப்படியில்லை. கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், தங்கள் துக்கத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது என்று ஆறுதல்தான் அடைந்தார்கள்.

சென்னையில் இருக்கிறவர்களிடம் நான் டாலர் கேட்கவில்லை. வெளிநாட்டு ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் நம் வருமான வரிச் சலுகை கிடையாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடையாறு புற்றுநோய் நிலையம். தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வீடு வீடாக ஏறி இறங்கி, 1954-இல் குடிசையில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த ஸ்தாபனம் அது. (தாயை இழந்த பில்லி ஸ்டார் ஒரு பக்கம், தங்கையை இழந்த இந்த அம்மாள் ஒரு பக்கம், இருவரும் பிரிவாற்றாமையை உண்டியலாக மாற்றியவர்கள்.) பிற்பாடு அதை நடத்திய டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து, 2021-இல் கண்ணை மூடினார். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரிடமும், "எனக்குக் கொடுப்பதாக நினைத்ததை அடையாற்றுக்குக் கட்டிவிட்டு ரசீதை மட்டும் காட்டுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். சித்தப்பாதான் முதல் ரசீது காட்டியவர்.

இனிச் சைக்கிள்.

சென்னைவாசிக்கு மேடு என்றால் என்னவென்றே தெரியாது. விடியற்காலை நாலரை மணிக்கு ஈ.சி.ஆரில் புறப்பட்டு மகாபலிபுரம் போய்த் திரும்பினால் தூரம் பழகும், எதிர்காற்றும் பழகும், ஏற்றம் பழகாது. பரங்கிமலையில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பார்த்தேன். கிண்டி மேம்பாலத்தில் பார்த்தேன். கடைசியில் சனிக்கிழமைகளில் ஏலகிரிக்குப் போய் அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளைச் சரணடைந்தேன். எந்த வளைவில் எந்தக் கியர் என்பதைக் காட்டிலும், ஏற்றத்தில் மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம் எதுவோ அதுதான் நம் வேகம் என்று தெரிந்துகொண்டது அங்கேதான்.

இங்கிருந்து சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து எடுத்துப் போகாமல், பாஸ்டனிலேயே வாடகைக்கு எடுத்தேன். அப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊர்ச் சைக்கிளில் பெரும்பாலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும், அமெரிக்காவில் இடக்கைப் பிரேக். இறக்கத்தில் பதற்றத்தோடு பிடிக்கும்போது கை தன் பழக்கப்படிதான் போகும். ஓட்டுவதும் சாலையின் வலப்புறம். ஆகவே சில நாள் முன்னதாகவே போய்ச் சார்லஸ் நதிக்கரைப் பாதையில் ஓட்டிப் பழகிக்கொண்டேன்.

யாத்திரை நாள் காலை, ஸ்டர்ப்ரிட்ஜில் இருட்டுப் பிரியும் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தேசிய கீதத்துக்காக ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீதம் முடிந்து கிளம்பியதும் காதில் விழுந்த சத்தம், காலணிகள் பெடலில் பூட்டிக்கொள்கிற 'டக், டக்' என்ற ஒலி ஒன்றுதான். பேச்சு கிடையாது. முதல் சில மணி நேரம் முழுக்க மேடு பள்ளம். இரு மருங்கிலும் கற்களை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த மதில்கள், மேப்பிள் மரங்கள், வெள்ளை மர தேவாலயங்கள். அந்த அதிகாலையிலும் ஜனங்கள் இரவு உடையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மணியடித்துக்கொண்டிருந்தார்கள்; "நன்றி, நன்றி" என்று முகம் தெரியாத நம்மைப் பார்த்துக் கத்தினார்கள். வெயில் ஏறியபின் தோட்டத்துக் குழாயால் எங்கள்மேல் தண்ணீர் தெளித்தார்கள்.

ஏற்றம் ஒன்றில் ஒரு முதியவருக்குப் பின்னால் வெகு தூரம் ஓட்டிப் போக நேர்ந்தது. அவருடைய சட்டை முதுகில் நாலு மூலையிலும் ஊக்கு குத்திய ஒரு துணி. அதில் பெயர்கள். மெதுவாக ஏறுகிற சைக்கிளின் பின்னால் போகிறவனுக்குப் படிப்பதற்கு வேறென்ன இருக்கிறது? படித்தேன். மேலேயுள்ள பெயர்கள் பல சலவைகளில் வெளுத்துப் பழுப்பாகியிருந்தன. கீழே வர வர மை கறுத்தது. கடைசிப் பெயர் துணியின் ஓரத்துக்கு வந்துவிட்டதால் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இன்னொரு பெயர் எழுத அதில் இடமில்லை.

அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. "மாமா, லைன்லயே வாங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்த என் மருமகளும் தாண்டவில்லை.

தண்ணீர்ப் பந்தல் ஒன்றை நெருங்கும்போது சாலையோரம் நெடுகிலும் குழந்தைகளின் பெரிய பெரிய படங்கள். அவர்களெல்லாம் ஜிம்மி நிதி மருத்துவக் கூடத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள். ஒவ்வொரு குழந்தையையும் ஒரு சைக்கிள் கோஷ்டி தன் தோழனாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைமுடி உதிர்ந்த குழந்தைகள், மூக்கில் குழாயோடு சிரிக்கிற குழந்தைகள். என் அக்காவிடம் ஒரு பழைய ஆல்பம் உண்டு. அதைத் திறந்து பார்க்க எங்களில் யாருக்கும் இன்றுவரை துணிவில்லை. அந்த வயதில் தான் எப்படி இருந்தோம் என்பதை என் மருமகள் அன்றைக்கு அந்தச் சாலையில்தான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டு நடந்தாள். நானும் நடந்தேன். அன்று அந்த அரை பர்லாங்கு மட்டும் நாங்கள் சைக்கிளில் கடக்காத தூரம்.

பீநட் பட்டர் தடவிய ரொட்டி, வாழைப்பழம், உப்பிட்ட உருளைக்கிழங்கு வறுவல் என்று பந்தலுக்குப் பந்தல் கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். (சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆனாலும் ஊரிலிருந்து கடலை மிட்டாய் கொண்டு போங்கள். ஏற்றத்துக்கு அதற்கு நிகர் எதுவும் இல்லை.) 170 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சாயங்காலம் போர்ன் என்ற ஊரில், கால்வாய்க் கரையிலுள்ள கப்பல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தோம். இரவுத் தங்கல் அங்கே.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர்களிலும் தொண்டர்களிலும் யார் யார் இந்த வியாதியிலிருந்து மீண்டவர்களோ, யார் யார் இன்னமும் சிகிச்சையில் இருக்கிறார்களோ, அவர்களெல்லாம் ஓரிடத்தில் கூடி நின்று கோப்பையை உயர்த்துவார்கள். மற்றவர்கள் சற்று தள்ளி நிற்போம். என் மருமகள் உள்ளே போனாள். அவள் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், தலையில் துணி கட்டியிருந்தவர், காலையில் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர்களில் ஒருவர், எத்தனை வருஷம் ஆகிறது என்று இவளைக் கேட்டார். "இருபத்திரண்டு" என்றாள். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. இவள் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கலைகிற வரைக்கும் விடவில்லை.

இரவு என் அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். சென்னையில் அப்போது விடிந்திருந்தது.

இரண்டாம் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருட்டோடு போர்ன் பாலத்தைக் கடந்து கேப் காட்டுக்குள் நுழைந்தோம். முந்தின நாளைவிடத் தூரம் குறைவு. ஆனால் கால் கனத்திருக்கிறது, கடற்காற்று எதிர்க்கிறது, ட்ரூரோ என்ற ஊரின் மணல் மேடுகள் ஒன்று முடிந்தால் ஒன்று வருகின்றன. 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் முதன்முதலாக நங்கூரமிட்டதன் ஞாபகார்த்தமாகக் கட்டிய கல் கோபுரம் பிராவின்ஸ்டவுனில் இருக்கிறது. அது தூரத்தில் தெரிந்தவுடன், "வந்துடுச்சு மாமா!" என்று இவள் கூவினாள். தெரிந்ததே தவிர வந்து சேர இன்னும் நேரம் பிடித்தது.

திரும்புகாலில் பாஸ்டனுக்குக் கப்பல். எங்களைச் சுற்றி எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் விழித்திருந்து, அடுத்த வருஷம் எந்தக் குழந்தையின் கோஷ்டியில் சேரலாம் என்று டெலிபோனில் தேடிக்கொண்டிருந்தாள்.

நானும் போகிறேன். பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அன்பர்கள் தங்கள் கம்பெனியில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊழியர் கொடுக்கிற தொகைக்குச் சமமான தொகையைத் தானும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு பல கம்பெனிகளில் உண்டு. போன தடவை எனக்கு வந்ததில் கணிசமான பங்கு அப்படி வந்ததுதான். விண்ணப்பம் எழுதச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். சென்னையில் இருக்கிறவர்கள் வழக்கம் போல் அடையாற்றில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டுங்கள். சித்தப்பா இந்த வருஷத்துக்கு உரியதை ஏற்கெனவே கட்டிவிட்டார். ஏலகிரிக்குச் சனிக்கிழமைகளில் துணைக்கு வருகிறேன் என்பவர்கள் சொல்லுங்கள். திருப்பத்தூர் வரை ரயில், அங்கிருந்து மலையடிவாரத்துக்குச் சைக்கிள், ஆறு மணிக்குள் முதல் வளைவில் இருக்க வேண்டும்.